ஆராய்ச்சி செய்தால் மட்டும் போதாது, சொல்லவும் தெரியணும்!

கொல்கத்தாவில் ராஜா எஸ்.சி. மல்லிக் ரோடு என்று ஒரு சாலை. ஜாதவ்பூர் பல்கலைக்கழகம், ஐஏசிஎஸ், ஐஐசிபி, சிஜிசிஆர்ஐ, நான்கும் அந்த ஒரே சாலையில் இருக்கின்றன. சால்ட் லேக் பக்கம் போனால் சாஹா இன்ஸ்டிடியூட், எஸ்.என். போஸ் சென்டர், போஸ் இன்ஸ்டிடியூட். வடக்கே பராநகரில் ஐஎஸ்ஐ. இன்னும் தள்ளிப் போனால் மோகன்பூரில் ஐசர். இந்தக் கட்டடங்கள் ஒவ்வொன்றிலும் உங்களைப் போலவே ஒரு பிஎச்.டி. ஸ்காலர் ராத்திரி பதினொரு மணிக்கு டேட்டாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்கும் பேப்பர் வந்திருக்கிறது. அவருடைய கைடும் நல்ல லெட்டர் கொடுப்பார். நீங்கள் குறிவைத்திருக்கும் அதே போஸ்ட்டாக், அதே ஃபெல்லோஷிப், அதே ஃபேகல்டி வேலை அவருடைய லிஸ்டிலும் இருக்கிறது.

இரண்டு பேரில் யார் முந்துவார்? பேப்பர் கணக்கு ஏறக்குறைய சமமாக இருந்தால், தன் வேலையை வெளியாளுக்குப் புரியவைக்கத் தெரிந்தவர்தான். செலக்‌ஷன் கமிட்டியில் உங்கள் சப்-ஃபீல்டு ஆள் ஒருவர் இருந்தாலே அதிர்ஷ்டம். மற்றவர்கள் உங்கள் பேப்பரைப் படித்திருக்க மாட்டார்கள். ஆனால் மார்க் போடுவார்கள். உங்கள் துறை தெரியாத, நேரமில்லாத, புத்திசாலியான நாலு பேருக்கு இருபது நிமிடத்தில் விஷயத்தைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்திலும் மியூசியத்திலும் பத்திரிகையிலும் பேசிப் பழகியவருக்கு இந்த அறை புதிதாக இருக்காது. லேப் மீட்டிங்கில் மட்டும் பேசியவர் அங்கேதான் முதல்முறையாகத் தடுமாறுவார்.

"இதெல்லாம் டைம் வேஸ்ட், பேப்பரை முடி" என்று சீனியர்கள் சொல்வார்கள். பேப்பரை முடிக்கத்தான் வேண்டும். அதில் சமரசம் கிடையாது. ஆனால் டைம் வேஸ்ட் என்பதைக் கொல்கத்தாவின் சரித்திரம் ஒப்புக்கொள்ளாது.

கோபால் சந்திர பட்டாசார்யா என்ற பெயர் தமிழ்நாட்டில் அதிகம் பேருக்குத் தெரியாது. கிழக்கு வங்காளத்தின் ஃபரித்பூர் பக்கத்துக் கிராமத்துக்காரர். பண வசதி இல்லாமல் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவர். ஊர்ப் பள்ளியில் வாத்தியார் வேலை பார்த்தார். மழைக்காலத்தில் அழுகும் செடிகொடிகள் இருட்டில் ஒளிர்வதைப் பார்த்தார். பார்த்ததோடு நிற்காமல், அதை வங்காள மொழியில் கட்டுரையாக எழுதி 'பிரபாசி' பத்திரிகைக்கு அனுப்பினார். அது ஜகதீஷ் சந்திர போஸின் கண்ணில் பட்டது. ஆளைக் கூப்பிட்டு அனுப்பினார். 1921-ல் பட்டாசார்யா போஸ் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு எறும்பும் சிலந்தியுமாக ஒரு ஆயுள் முழுக்க ஆராய்ச்சி. வங்காளத்துப் பூச்சிகளைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கு 1975-ல் ரவீந்திர புரஸ்கார். டிகிரி இல்லாதவருக்கு லேப் கதவைத் திறந்துவிட்டது பொது வாசகருக்காக எழுதிய ஒரு கட்டுரை. நீங்கள் டிகிரியோடு இருக்கிறீர்கள்.

இன்னொருவர் நம் ஊர்க்காரர். சி.வி. ராமன் 1907-ல் நிதித்துறை அதிகாரியாகக் கொல்கத்தா போனார். ஆபீஸ் நேரம் போக மீதி நேரமெல்லாம் அப்போது பவ்பஜார் தெருவில் இருந்த ஐஏசிஎஸ் (இந்திய அறிவியல் வளர்ச்சிச் சங்கம்) லேபில்தான். 1876-ல் மகேந்திரலால் சர்க்கார் தொடங்கிய அந்தச் சங்கம் பொதுச் சொற்பொழிவுகளுக்கே பேர்போன இடம். 1928 பிப்ரவரி 28 அன்று ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் சிதறிய ஒளியில் புதிய நிறத்தைப் பார்த்தார்கள். மறுநாளே ராமன் செய்தியைப் பத்திரிகைக்காரர்களுக்குச் சொல்லிவிட்டார். மார்ச் 16 அன்று பெங்களூரில் லெக்சர். அந்த உரை ராமனே 1926-ல் தொடங்கிய 'இந்தியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்' இதழில் அச்சாகி, பிரதிகள் உலகெங்கும் உள்ள விஞ்ஞானிகளுக்குத் தபாலில் பறந்தன. மார்ச் 31-ல் 'நேச்சர்' இதழில் குறிப்பு வந்தது.

இதே நேரத்தில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டெல்ஸ்டாம் இருவரும் குவார்ட்ஸ் படிகத்தில் இதே விளைவைப் பார்த்திருந்தார்கள். அதுவும் பிப்ரவரி 21-லேயே, ராமனுக்கு ஒரு வாரம் முன்பு. அவர்கள் ஜெர்மன் ஜர்னலுக்குப் பேப்பர் அனுப்பியது மே மாதம். 1930-ல் நோபல் பரிசு ராமன் ஒருவருக்கே போனது. ராமன் 1921-லிருந்தே ஒளிச்சிதறலில் ஊறியவர், பரிசுக்குத் தகுதியானவர், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் கண்டுபிடித்ததை உலகுக்குச் சொல்வதும் கண்டுபிடிப்பின் ஒரு பகுதிதான் என்று அவர் நினைத்தார். அந்த நினைப்பு இன்று உங்களுக்கு வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம்.

1. முதலில் இரண்டு வரியைத் தயார் செய்யுங்கள்

ஸ்லைடு, ரீல்ஸ், கட்டுரை எல்லாம் அப்புறம். "என்ன ஆராய்ச்சி பண்றீங்க?" என்று ஒருவர் கேட்டால் மூச்சு விடாமல் சொல்ல இரண்டு வரி வேண்டும். மேற்கு வங்கத்தின் பெரிய பிரச்சினை ஒன்றையே எடுத்துக்கொள்வோம், நிலத்தடி நீரில் ஆர்செனிக். அதில் ஆராய்ச்சி செய்பவர் வழக்கமாக இப்படித்தான் சொல்வார்: "கங்கைச் சமவெளி நீர்த்தாங்கிகளில் ஆர்செனிக் செறிவின் இடஞ்சார் மாறுபாட்டைத் தீர்மானிக்கும் புவிவேதியியல் காரணிகளை ஆய்வு செய்கிறேன்."

ஜர்னலுக்கு இது சரி. ரயிலில் எதிர் சீட்டில் இருப்பவர் "ஓ, அப்படியா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார். இப்போது இதைப் பாருங்கள்: "ஒரே தெருவில் ஒரு குழாய்த் தண்ணீரில் விஷம் இருக்கிறது, கொஞ்ச தூரம் தள்ளி இருக்கும் குழாயில் இல்லை. ஏன் என்று தேடுகிறேன். தெரிந்துவிட்டால் அடுத்த குழாயை எங்கே போடலாம் என்று முன்கூட்டியே சொல்லலாம்."

ஒரு இடம் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு முரண் இருக்கிறது. பலன் யாருக்கு என்பதும் புரிகிறது. கேட்டவர் அடுத்த கேள்வி கேட்பார். அந்த அடுத்த கேள்விதான் உங்கள் வெற்றிக்கு அளவுகோல். 'காரணிகள்' என்பது 'ஏன்' என்று மாறியதைக் கவனியுங்கள். உங்கள் தீசிஸின் மையத்தில் ஒரு 'ஏன்' அல்லது 'எப்படி' இருக்கும். அதைத் தோண்டி எடுங்கள். எடுக்க முடியவில்லை என்றால் உங்கள் கேள்வி உங்களுக்கே இன்னும் தெளிவாகவில்லை என்று அர்த்தம். கைடிடம் போய் உட்காருங்கள்.

பியூர் மேத்ஸ் செய்பவர்கள், ஸ்ட்ரிங் தியரி செய்பவர்கள், "எங்களுக்கு இந்த மாதிரி குழாய் எல்லாம் கிடையாதே" என்பார்கள். பலன் இல்லையென்றால் பலன் இருப்பதாகக் கதை கட்டாதீர்கள். கேள்வியின் விசித்திரமே போதும். எந்தப் புதிர் உங்களை இத்தனை வருடம் கட்டிப்போட்டதோ, அதைச் சொல்லுங்கள்.

2. எண்களை அப்படியே வீசாதீர்கள்

குடிநீரில் ஆர்செனிக் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. 10 மைக்ரோகிராம் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? கணக்குப் போட்டு மாற்றுங்கள். ஒரு லட்சம் லிட்டரில் ஒரு கிராம். அதாவது பத்தாயிரம் லிட்டர் டேங்கர் லாரி பத்து வரிசையாக நின்றால், அத்தனையிலும் சேர்த்து ஒரே ஒரு கிராம். இப்போது அறை நிமிர்ந்து உட்காரும். "இவ்வளவு கொஞ்சத்தை எப்படி அளக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். உங்கள் மெத்தடாலஜியைச் சொல்ல அவர்களே வழி திறந்துவிடுவார்கள்.

இந்த விஷயத்தில் நான் மிகவும் மதிக்கும் உதாரணம் ஒன்று உண்டு. ஆர்செனிக் நோயாளிகளை மேற்கு வங்கத்தில் முதலில் அடையாளம் கண்டது 1983-ல், கொல்கத்தா ஸ்கூல் ஆஃப் ட்ராபிகல் மெடிசினில், தோல் மருத்துவர் கே.சி. சாஹா. அதன் பிறகு ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி கிராமம் கிராமமாகப் போய்த் தண்ணீர் சாம்பிள் எடுத்தார். 1995-ல் கொல்கத்தாவிலேயே சர்வதேச மாநாடு கூட்டி உலகின் கவனத்தை இழுத்தார். எல்லைக்கு அந்தப் பக்கம், பங்களாதேஷில், லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகளைச் சோதித்தபோது ரிசல்ட்டை எப்படிச் சொன்னார்கள் தெரியுமா? பெயின்ட். லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்ற அந்நாட்டு வரம்பைத் தாண்டினால் குழாய்க்குச் சிவப்பு, தாண்டாவிட்டால் பச்சை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் குடம் தூக்கும் பத்து வயதுப் பெண்ணுக்கும் சோதனை ரிசல்ட் அந்த நொடியே புரிந்தது. ஒரு குடம் தண்ணீரை எங்கே எடுப்பது என்ற முடிவும் மாறியது.

உங்கள் அடுத்த பிரசன்டேஷனில் ஒரு கிராஃப் போடும்போது, இதைப் பார்ப்பவர் என்ன முடிவெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் இல்லை என்றால் அந்த ஸ்லைடைத் தூக்கிவிடலாம்.

3. மூன்று நிமிடம், ஒரு ஸ்லைடு

ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008-ல் 'த்ரீ மினிட் தீசிஸ்' போட்டியைத் தொடங்கியது. அங்கே அப்போது வறட்சி. குளியல் நேரத்தைக் குறைக்க மூன்று நிமிட டைமர் மாட்டியிருந்தார்கள். அதிலிருந்து வந்த யோசனை. விதிகள் கறார்: அசையாத ஒரே ஸ்லைடு, கையில் பொருள் எதுவும் கூடாது, மூன்று நிமிடத்தைத் தாண்டினால் தகுதியிழப்பு. இன்று உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான பல்கலைக்கழகங்கள் இதை நடத்துகின்றன.

உங்கள் இன்ஸ்டிடியூட்டில் இந்தப் போட்டி இல்லை என்றால் நீங்களே நடத்துங்கள். ஒரு செமினார் ஹால், ஒரு ஸ்டாப் வாட்ச், வேறு டிபார்ட்மென்ட் ஜட்ஜ் இரண்டு பேர், போதும். நடத்தியவர் என்ற வரி உங்கள் சிவியில் ஏறும். ஆங்கிலத்தில் பேசினால் சுமார் 400 வார்த்தைக்குத்தான் இடம். அதை எழுதி, மனப்பாடம் செய்து, பிறகு மனப்பாடம் போலத் தெரியாத வரை பேசிப் பாருங்கள். பேச்சை ஃபோனில் ரெக்கார்ட் செய்து கேளுங்கள். கேட்கச் சங்கடமாக இருக்கும். கேட்டே ஆக வேண்டும்.

4. எழுதுங்கள், காசும் வரும்

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2018-ல் 'அவ்சர்' என்ற போட்டியைத் தொடங்கியது. பிஎச்.டி. ஸ்காலரும் போஸ்ட்டாக்கும் தங்கள் ஆராய்ச்சியைப் பொது வாசகருக்குக் கட்டுரையாக எழுத வேண்டும். ஸ்காலர் பிரிவில் அப்போது முதல் பரிசு 1 லட்சம் ரூபாய், இரண்டாவது 50,000, மூன்றாவது 25,000. அது போக நூறு கட்டுரைகளுக்குத் தலா 10,000. எஸ்ஆர்எஃப் மாத உதவித்தொகை 42,000 என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இது போன்ற போட்டியின் அறிவிப்பு வரும்போது எழுதத் தொடங்கினால் காலம் கடந்துவிடும். கட்டுரை உங்கள் லேப்டாப்பில் ரெடியாக இருக்க வேண்டும்.

பயிற்சிக்கு இடம் தேடுபவர்கள் ஐசர் கொல்கத்தா மாணவர்களைப் பாருங்கள். 'கோஜிடோ137' என்று சொந்தமாக அறிவியல் இதழே நடத்துகிறார்கள். யாரும் அனுமதி கொடுக்கும் வரை காத்திருக்கவில்லை.

அப்புறம் தமிழ். ஆங்கிலத்தில் குவான்டம் பற்றி எழுத ஆயிரம் பேர் க்யூவில் நிற்கிறார்கள். தமிழில் தன் லேபில் நடப்பதைத் தானே எழுதும் ஆராய்ச்சியாளர்கள் மிகவும் குறைவு. போட்டி குறைவான இடத்தில் முதலில் பேர் வாங்குவது புத்திசாலித்தனம். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' போன்ற இதழ்களும் நாளிதழ்களின் இணைப்பிதழ்களும் இருக்கின்றன. வங்காளிகள் இதில் நமக்கு முன்னால் போனவர்கள். சத்யேந்திர நாத் போஸ், ஐன்ஸ்டைனோடு பேர் சேர்ந்த அதே போஸ், 1948-ல் வங்கீய விஞ்ஞான பரிஷத்தைத் தொடங்கி வங்காள மொழியிலேயே அறிவியல் மாத இதழ் கொண்டுவந்தார். தாகூர் 1937-ல் எழுதிய அறிவியல் நூலான 'விஸ்வ பரிசய்'யை இந்தப் போஸுக்குத்தான் சமர்ப்பணம் செய்தார். அவ்வளவு பெரிய மனிதர்களுக்கு இருந்த நேரம் உங்களுக்கும் இருக்கும்.

5. ஊரைப் பயன்படுத்துங்கள்

கொல்கத்தாவில் இருக்கும் தமிழ் ஸ்காலர் ஹாஸ்டல், லேப், லேக் மார்க்கெட்டில் தோசை என்றே ஐந்து வருடத்தை ஓட்டிவிட முடியும். அது பெரிய நஷ்டம். நாட்டின் முதல் அறிவியல் அருங்காட்சியகங்களில் ஒன்றான பிர்லா தொழில்நுட்ப அருங்காட்சியகம் 1959-லிருந்து குருசதய் ரோட்டில் இருக்கிறது. 1965-லேயே பஸ்ஸில் கண்காட்சியை ஏற்றிக் கிராமத்துக்கு அனுப்பியவர்கள் அவர்கள். 1997-ல் வந்தது சயின்ஸ் சிட்டி. இந்த இடங்களை நடத்தும் தேசிய அறிவியல் அருங்காட்சியகக் கவுன்சிலின் தலைமையகமும் கொல்கத்தாவில்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் ஒரு எக்ஸிபிட் பக்கத்தில் அரை மணி நேரம் சும்மா நில்லுங்கள். குடும்பங்கள் எந்த இடத்தில் நிற்கின்றன, எந்த இடத்தில் நகர்கின்றன, எந்தப் பலகையை யாருமே படிக்கவில்லை என்று பாருங்கள். கைவைத்துச் சுழற்றக் கூடியதைச் சுற்றிக் கூட்டம் இருக்கும். நாலு பாரா எழுதிய பலகையை எல்லோரும் தாண்டிப் போவார்கள். உங்கள் போஸ்டர் அந்தப் பலகை மாதிரி இருக்கிறதா என்று யோசியுங்கள்.

வங்காளம் பத்து வாக்கியமாவது கற்றுக்கொள்ளுங்கள். லேப் அசிஸ்டென்ட்டிடமும் டீக்கடைக்காரரிடமும் உங்கள் வேலையை அந்தப் பத்து வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். மொழி கைவசம் இல்லாதபோது டெக்னிக்கல் வார்த்தைக்குப் பின்னால் ஒளிய முடியாது. கருத்து மட்டும்தான் மிஞ்சும். இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

6. வாயைத் திறக்கும் முன் மூன்று செக்

பேட்டன்ட் வாய்ப்பு இருக்கிறதா? விண்ணப்பிப்பதற்கு முன் பொதுவெளியில் விவரம் சொன்னால் 'புதுமை' என்ற தகுதியே அடிபட்டுப் போகலாம். ஒரு உற்சாகமான லிங்க்ட்இன் போஸ்ட் போதும் கெடுப்பதற்கு. கைடையும் இன்ஸ்டிடியூட்டின் ஐபி செல்லையும் கேளுங்கள்.

பேப்பர் ரிவ்யூவில் இருக்கிறதா? ஜர்னலின் எம்பார்கோ விதியைப் படியுங்கள்.

மிகைப்படுத்துகிறீர்களா? டிஷ்ஷில் இருந்த செல்லில் நடந்தது என்றால் "செல்லில்" என்று சொல்லுங்கள். எலி என்றால் எலி. 'கேன்சருக்கு மருந்து கண்டுபிடித்த தமிழர்' என்று தலைப்பு வந்தால் அன்றைக்கு அம்மா அப்பாவுக்குச் சந்தோஷம். அதைப் படித்துவிட்டு உங்கள் இன்ஸ்டிடியூட் நம்பரைத் தேடிப் பிடித்து ஒரு நோயாளியின் மகன் கூப்பிடுவார். அவருக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? ரிப்போர்ட்டரிடம் பேசும்போதே, "இது மனிதர்களுக்குப் பயன்பட இன்னும் பல கட்டங்கள் இருக்கின்றன, இந்த வரியைக் கட்டாயம் போடுங்கள்" என்று கேளுங்கள். கறாராகவே கேளுங்கள்.

7. கிரெடிட்டில் கை சுத்தம்

மேடையில் "நாங்கள்" எப்போது, "நான்" எப்போது என்று தெரிந்திருக்க வேண்டும். எக்ஸ்பெரிமென்ட்டை லேப்மேட் செய்திருந்தால் பெயரைச் சொல்லுங்கள். 1928-ல் பார்த்ததை ராமன் விளைவு என்றே உலகம் சொன்னாலும், 'நேச்சர்' இதழில் வந்த அந்த முதல் குறிப்பில் வத்திராயிருப்புக்காரரான கிருஷ்ணனின் பெயரும் இருக்கிறது. பெயரைச் சொல்லாமல் விட்டால் உங்களோடு வேலை செய்ய அடுத்த ஆள் வரமாட்டார். இது சின்ன உலகம். இன்று உங்கள் லேப்மேட், பத்து வருடம் கழித்து உங்கள் ரிவ்யூவர்.

அதே சமயம் நீங்கள் செய்ததைச் சொல்லக் கூச்சப்படவும் வேண்டாம். அடக்கம் என்ற பெயரில் சிவியில் ஒரு வரி கூட அவுட்ரீச் போடாத ஸ்காலர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். தேதி, இடம், தலைப்பு, வந்தவர்கள் யார், லிங்க், அத்தனையும் ஒரு எக்செல் ஷீட்டில் அன்றன்றே ஏற்றுங்கள். அறிவியல் தொழில்நுட்பத் துறை 2022-ல் விஞ்ஞானிகளின் சமூகப் பொறுப்புக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. நாளை நீங்கள் கிரான்ட் கேட்கும்போது "சமூகத்துக்கு என்ன செய்தீர்கள்" என்ற பெட்டியை நிரப்ப இந்த ஷீட்தான் உதவும். ரிசர்ச்சே வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் இது வீண் போகாது. மெடிக்கல் ரைட்டிங், மியூசியம் க்யூரேட்டர், இன்ஸ்டிடியூட்களின் கம்யூனிகேஷன் ஆபீசர், அறிவியல் பத்திரிகையாளர், எல்லாமே தெளிவாக எழுதுகிற பிஎச்.டி.க்காரரைத் தேடும் வேலைகள்.

8. காலண்டரில் ஒரு தேதி

ராமன் விளைவு கண்டுபிடித்த பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம். அதையொட்டி ஆராய்ச்சி நிறுவனங்கள் பள்ளி மாணவர்களுக்குக் கதவு திறப்பது வழக்கம். எட்டாம் வகுப்பு மாணவர்கள்தான் இருப்பதிலேயே நேர்மையான ஆடியன்ஸ். போரடித்தால் முகத்துக்கு நேரே கொட்டாவி விடுவார்கள். உங்கள் இன்ஸ்டிடியூட்டில் அவுட்ரீச் கமிட்டியை யார் நடத்துகிறார்கள் என்று இந்த வாரமே விசாரியுங்கள். டிசம்பரிலேயே போய், "என் லேப் ஸ்டாலில் நான் பேசுகிறேன்" என்று பெயர் கொடுத்துவிடுங்கள். பிப்ரவரியில் போய் நின்றால் பேனர் கட்டும் வேலைதான் பாக்கி இருக்கும். பேசும் இடத்தில் வேறு ஒருவர் நின்றுகொண்டிருப்பார்.